இருபத்தேழு

கீழ்வீட்டு ஃபிராவ் கெர்பர்
சலவை அறைக் கதவில் சீட்டு ஒட்டியிருந்தாள்:
இரவு பத்துக்குப் பிறகு
தயவுசெய்து சுவரில் துளை போடவேண்டாம்.
எங்களிடம் துளை போடும் மெஷினே இல்லை.

தவபாலன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.
மச்சான்மார் அவருக்கு வைத்த பெயர் ஜெனரேட்டர்.
உழைச்சுக் களைச்ச மனிசன், நல்ல நித்திரை போல
என்றா மாமி, தொலைபேசியில்.

குறட்டை எனக்குப் பழகிவிட்டது.
பழகாதது
அது நிற்கும் இடம்.

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குள் சரக்கு ரயில்
தேய்ந்து தேய்ந்து ஓய்வதுபோல ஓர் இழுப்பு.
பிறகு ஒன்றுமில்லை.
நெஞ்சு ஏறி இறங்குகிறது,
காற்றுத்தான் போகவில்லை.
எண்ணுவேன்.
பதினொன்று. பதினாறு.
இருபத்திரண்டில் என் கை அவர் தோளுக்குப் போகும்.
இருபத்தேழில்
நீருக்கடியிலிருந்து தலை தூக்கியவர்போல
ஒரு திணறல்,
மறுபடி ரயில்.
அவருக்கு எதுவும் தெரியாது.
விடிந்தால் தலையிடி, ஒரு டஃபல்கான், கறுப்புக் கோப்பி,
மூத்தவளைக் கூப்பிட இளையவளின் பெயர்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் ஏற்றும் வான் ஓட்டுகிறவர்.
மார்ச்சில் ஒருநாள் ஆரே பாலத்தடிச் சிவப்பு விளக்கில்
கண் செருகி, பிரேக்கில் கால் தளர்ந்து
வான் அரை மீட்டர் உருண்டதாம்.
முன்னால் கடவையில்
மஞ்சள் பட்டி போட்ட பாலர் வகுப்புப் பிள்ளைகள்.
மூன்று கிழமை கழித்து,
விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னார்.

உடம்பெல்லாம் வயர் ஒட்டி
ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.
மணிக்கு நாற்பத்து மூன்று தடவை, என்றாள் டொக்டர்.
தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகுது,
பிரஷர் ஏறுது,
நீங்கள் படுத்திருக்க இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருக்குது
என்று நான் தமிழாக்கினேன்.
மூச்சு நிற்பதற்கு அவள் சொன்ன சொல்லுக்கு
என்னிடம் சொல் இல்லை.
'மூச்சு லீவு' என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கேட்டது ஒன்றே ஒன்று: லைசென்ஸ்?
சரியாகும்வரை ஓட்டக்கூடாது.
அதைத் தமிழாக்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது கட்டிலருகே ஒரு சின்னப் பெட்டி,
ஒரு குழாய், மூக்கில் ஒரு மாஸ்க்.
முதலிரவுக்குப் பிறகு
இப்படி வெட்கப்பட்டு அவர் படுத்ததில்லை.
அன்று அறை அத்தனை அமைதி.
எண்ண எதுவுமில்லாமல்
நாலு மணிவரை விழித்துக் கிடந்தேன்.

சில இரவுகளில் நித்திரையிலேயே
அதைக் கழற்றி எறிகிறார்.
தலையணையில் காற்று வீணாகச் சீறுகிறது.
மூன்றுவரை எண்ணுகிறேன்.
அதற்குமேல் எனக்குப் பொறுமையில்லை.