இருபத்தாறு மாதங்கள்

ஹனோயில் எனக்கு ஒப்பந்தம் இருபத்தாறு மாதம்.
இந்த ஊரின் கழிவுநீர்க் குழாய்கள்
எங்கே போய் முடிகின்றன என்று சொல்லிவிடுவேன்.
மகனின் ஐந்தாம் வகுப்பு எங்கே முடியும்
என்றுதான் தெரியவில்லை.

ரோட்டர்டாமிலிருந்து ஜுரந்திர் அட்டவணை அனுப்புகிறான்.
வரிசைக்கு ஒரு பள்ளி, கட்டத்துக்கு ஒரு கவலை:
கட்டணம், பேருந்து, மதியச் சாப்பாடு,
திரும்பத் தராத முன்பணம்.
அவனுக்குப் பிடித்ததற்குப் பச்சை அடித்திருக்கிறான்.
"நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும்
செல்லுபடியாக வேண்டும்" என்கிறான்.
அப்படியொன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
நூற்றைம்பது நாட்டுத் துளைகளுக்கும் பொருந்தும் பிளக்.
செருகினால் எரியும்.
ஆனால் எந்தச் சுவரிலும் அது
ஆடாமல் நின்றதில்லை.

முதல் பள்ளியில் பிரிட்டிஷ் பாடத்திட்டம்.
முப்பத்தைந்து டிகிரி வெயிலில் கோட்டும் டையும்.
வரலாற்று வகுப்பில் சுவர் நீளத்துக்கு ஒரு காலக்கோடு.
ஒட்டாவியோ அதன் ஓரமாகவே நடந்து
எங்களைத் தேடினான்.
ஒரு கப்பல் படத்துக்குக் கீழே இருந்தோம்,
கண்டுபிடிக்கப்பட்டவர்களாக.

இரண்டாவதில் பாடப்புத்தகமே கிடையாதாம்.
"விடை சொல்லித்தர மாட்டோம்,
கேள்வி கேட்கப் பழக்குவோம்" என்றார் முதல்வர்.
இவன் உடனே கேட்டான்:
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா?
முதல்வர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை.
பழைய பள்ளியில் அது இல்லாமல்
ஓராண்டு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததை
அன்றிரவுதான் என்னிடம் சொன்னான்.

அமெரிக்கப் பள்ளியின் நீச்சல்குளத்தைப் பற்றி எழுத மாட்டேன்.
என் சம்பளம் அதில்
முதல் அடியிலேயே மூழ்கிவிட்டது.

பிறகு, மேம்பாலத்துக்குப் பின்னால் அந்தச் சின்னப் பள்ளி.
நாற்பது நிமிடத் தேர்வு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அவன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆங்கிலத்தில் படிக்கிறான்,
போர்ச்சுகீசியத்தில் கூட்டுகிறான்,
விடையைத் திரும்ப ஆங்கிலத்துக்குச் சுமந்து வருகிறான்
இரு கையிலும் ஏந்திய தண்ணீர் போல.
சிந்தியதற்கெல்லாம் மதிப்பெண் போயிற்று.

வயதுக்கு ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருக்கிறான்
என்றது அறிக்கை.
ஒன்றரை ஆண்டு, பதினெட்டு மாதம்.
இருபத்தாறில் பதினெட்டு போனால் எட்டு.
எட்டு மாதத்துக்காகவா இவனைக்
கடல் கடத்திக் கொண்டுவந்தேன்?

சேர்க்கை அலுவலர் க்வியென் தாளைத் திருப்பி
ஓரத்தில் கிறுக்கியிருந்த கணக்குகளை
விரலால் தொட்டுக்கொண்டே போனார்.
"வழியெல்லாம் சரி. நேரம்தான் போதவில்லை."
கொஞ்சம் தயங்கி,
"நான் பிராகாவில் வளர்ந்தவள். அப்பா அங்கே
ஆலைத் தொழிலாளி. இன்றைக்கும்
சந்தையில் மீன் விலை பெருக்குவது செக் மொழியில்தான்.
மீன்காரிக்குத் தெரியாது."
அறிக்கையில் அவர் எதையும் மாற்றவில்லை.
மாற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை.

அப்போது நடைபாதைக் கோடியிலிருந்து கேட்டது:
க்ளிக்.
திறந்து மறுபடி
க்ளிக்.
மூன்றாவது முறை போட்டுப் பார்த்துவிட்டு
கை ஈரத்தைச் சட்டையில் துடைத்தபடி வந்தான்.

ஜுரந்திருக்குச் சொன்னேன்.
"அது பச்சையிலேயே இல்லையே, ஏன்?"
"தாழ்ப்பாள்" என்றேன்.
இணைப்பு சரியில்லை என்று நினைத்து
மறுபடி அழைத்தான்.

முன்பணம் கட்டிவிட்டுத் திரும்புகையில்
ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து கேட்கிறான்:
"அம்மா, இங்கே எனக்கு சிநேகிதன் கிடைத்தால்
முதலில் கிளம்பப் போவது அவனா, நானா?"

விளக்கு பச்சைக்கு மாறியது.
நல்ல வேளை,
இந்த ஊரில் ஹாரன்கள் ஓய்வதில்லை.