பதாகையை என்ன செய்வது

செய்தி வந்தபோது யீஷூன் பேருந்து நிலையத்தில்
ஒற்றைக் காலில் நின்று
காலணிக்குள் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
ரோஸ்லான் அனுப்பியது ஒரே சொல்:
போய்விட்டார்.

யாரோ இறந்துவிட்டதாக நினைத்தேன்.
பிறகுதான் உறைத்தது, எங்கள் தலைவர்.
இருபத்திரண்டு ஆண்டுகள்
சிலேத்தார் ரோவர்ஸ் நாற்காலியை
உடும்பாகப் பற்றிக்கொண்டிருந்தவர்.

அன்றிரவு கோப்பிக் கடையில் கூடினோம்.
கொண்டாட வேண்டும் என்று தெரிந்தது,
எப்படி என்று தெரியவில்லை.
தெக் ஹுவாட் தன் தே ஓவை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
புதியவர் குளிர்சாதன வியாபாரியாம்.
படத்தில் கழுத்துத் துண்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார்,
எங்கள் மீன்கொத்தி
வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது.
"தற்காப்பு வரிசை ஏற்கெனவே உறைஞ்சுதானேக்கா கெடக்கு,
இவரு வேற எதுக்கு?"
என்றான் எழிலரசு.
சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

மேசைக்கடியில் அந்தப் பை.
மூன்று பருவங்களாக விரித்த பதாகை,
மலிவு விற்பனையில் வாங்கிய இரட்டைக் கட்டில் விரிப்பு,
நோர்லைலா ஓரம் தைத்தது.
நான்கு மொழியிலும் வெளியேறு.
தமிழ் வரி என் கைவண்ணம்.
இடம் போதாமல் கடைசி 'று' மடிப்புக்குள் போய்விட,
தூரத்திலிருந்து பார்த்தால் 'வெளியே' என்று மட்டும் தெரியும்,
வாசலுக்கு வழி காட்டுவதுபோல.

முதல் ஆட்டம். நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
தெக் ஹுவாட் விரல்விட்டு எண்ணினார்.
புதியவர் மேலே கண்ணாடிக்குப் பின்னால்.
முரசை மடியில் வைத்தேன்.
மூன்று அடி, ஒரு இடைவெளி,
கை தானாகப் போகிறது.
அந்த இடைவெளியில் போட
இப்போது ஒரு பெயர் இல்லை.

முப்பத்தோராவது நிமிடம் மின்னல் எச்சரிக்கை.
ஆட்டக்காரர்கள் உள்ளே ஓட,
காற்று மழையைப் பக்கவாட்டில் இருக்கைகளுக்குள் இறைத்தது.
அப்போதுதான் பார்த்தோம்,
மூன்றாவது வரிசையில் ஒரு பிடரி.
மூன்று பருவங்கள் அதைப் பார்த்துத்தானே கத்தினோம்,
முகத்தைவிட நன்றாகத் தெரியும்.
சட்டை ஒட்டிப்போய்,
பையில் நனைந்த நுழைவுச்சீட்டு.
காசு கொடுத்து வாங்கியது.

ரோஸ்லான் பதாகையை உருவினான்.
முரசு நனையக் கூடாதே, அதற்குத்தான்.
நால்வரும் நான்கு முனையைத் தூக்கிப் பிடித்தோம்.
அவர் ஓரமாக வந்து நின்றார்,
முழுவதும் உள்ளே வரவில்லை,
பாதித் தோள் மழையில்.
யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை.
ரோஸ்லான் மட்டும் தாடையை அசைத்தான்.

அவர் அண்ணாந்து பார்த்தார்.
துணி வழியே எழுத்துகள் இடவலமாகத் தெரிந்தன.
"மற்ற மூன்றும் எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றார்.
"இது மட்டும்தான் தெரியாது. என்ன போட்டிருக்கிறது?"

'று' என் கைப்பிடிக்குள் இருந்தது.

"வெளியே," என்றேன்.

மழையைப் பார்த்தார்.
ஏதோ சொல்ல வந்து,
பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் தேடுபவர்போல
வாயை மூடிக்கொண்டார்.

ஆட்டம் தொடர்ந்தது, எழுபதில் ஒன்று வாங்கினோம்.
நடுவர் எங்களுக்கு ஒரு பெனால்டியைத் தராதபோது
முதலில் எழுந்து கத்தியது அவர்தான்.
ஹொக்கியனில், கெட்ட வார்த்தை,
என் முரசுக்கு அரை அடி முன்னால்.
மேலே கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கையசைத்தார்கள்.

மறுநாள் நோர்லைலா
ஒன்பதாம் மாடியில் மூங்கில் கழியில் பதாகையைக் காயப்போட,
எதிர் புளோக்கே எட்டிப் பார்த்ததாம்.
யாரை வெளியேறச் சொல்கிறீர்கள் என்று
நகர மன்றத்துக்கு ஒருவர் புகார் கொடுத்துவிட்டார்.

எறிந்துவிடலாமா என்று கேட்டேன்.
காயட்டும், என்றான் ரோஸ்லான்,
காய்ந்ததும் மடித்து வை.
ஜூன் வரைக்கும் பார்ப்போம்.
அந்த 'று'வை மட்டும்
கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதிவிடு.