நிகர எடை

செங்கோடன் கேட்டது இவ்வளவுதான்:
"லாரி ஓடும்போதும் படிக்கணுங்க."

லீபஜார் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே
மூன்று சாக்குகளை விரித்துப் போட்டார்.
ஏணி மார்க் ஜவ்வரிசி.
எனக்கு முன்னால் வரைந்தவர் மெல்லிசாய் வரைந்திருந்தார்,
கல்யாணப் பத்திரிகைக்குப் போல.
பிளாஸ்டிக் நெசவு அதை மதிக்கவில்லை.
இழை விட்டு இழை மை தாவியதில்
ஏகாரத்தின் கால் காணாமல் போய்
ஏணி, எணி ஆகியிருந்தது.
வகரத்தின் புள்ளி
ஆத்தூர் சாலையில் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

அவரிடம் நான் சொல்லாத கதை ஒன்று உண்டு.
முன்பணம் கொடுக்காதவரிடம் கதை சொல்வதில்லை.

இருநூறு வருஷம் முந்தி, லண்டனில்,
சுவர் முழுக்கச் சத்தம்.
லாட்டரி, நாடகம், குதிரை வண்டி, பல்வலி மருந்து
எல்லாம் ஒரே சுவரில் முண்டியடிக்க,
புத்தகத்து எழுத்துகளின் ஊசிப் பாதம்
பத்தடி தள்ளி நின்றாலே கரைந்துபோனது.
எழுத்து வார்க்கிற யாரோ
ஊசியைக் கழற்றிவிட்டுக் கட்டையை மாட்டினார்.
கால் எவ்வளவு தடிமனோ பாதமும் அவ்வளவு.
எகிப்தியன் என்று அதற்குப் பேர் வந்தது.
எகிப்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஊருக்கே அப்போது மம்மிப் பைத்தியம்,
அந்தப் பேரை ஒட்டினால் எதுவும் விற்கும்,
சேலத்தில் காய்க்காத பழத்தை
சேலத்து மாம்பழமென்று கூவுகிற மாதிரி.

ரசனைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.
தடித்தனம், சந்தைக்கடைக் குரல் என்றார்கள்.
பசை வாளியும் ஏணியுமாய் அலைகிறவனுக்கு
அதையெல்லாம் கேட்க நேரமில்லை.

அப்புறம் தட்டச்சு இயந்திரம்.
ஒல்லி ஐ-க்கும் குண்டு எம்-முக்கும்
ஒரே அகலத்தில் அறை.
காலி அறையில் ஐ தனியாய்ப் பயப்படாமலிருக்க
தலைக்கொரு பலகை, காலுக்கொரு பலகை.
அந்த எழுத்தை ஜங்ஷனில் பார்த்திருக்கிறேன்.
நடைமேடை முடிகிற இடத்தில்
அறுத்துப் போட்ட தண்டவாளத் துண்டு,
அதன் வெட்டுமுகம்.
மேலே ரயில் போவதற்கென்றே நிற்கிற ஐ.

சரி, தமிழுக்கு எங்கே மாட்டுவது?
ட பிறந்ததே பலகையோடு.
ப-வும் ம-வும் ஏற்கெனவே சம்மணம் போட்டாயிற்று.
வ உடனே சம்மதித்தது.
ண இரண்டு நாள் யோசித்தது.
ஜ-வின் காலுக்கு எந்தக் கடையிலும் அளவில்லை.
ர-வுக்குப் பதினோரு தடவை வரைந்து
பன்னிரண்டாவதைச் சரியென்று சொல்லிக்கொண்டேன்.
ழ, நல்லவேளை, ஜவ்வரிசியில் இல்லை.
ஏகாரத்தின் அந்தச் சாய்ந்த கால்,
அதற்குத்தான் முதலில் கட்டை கொடுத்தேன்,
வழுக்காமலிருக்க.

"என்னங்க இது, எழுத்துக்கெல்லாம்
பூட்ஸ் மாட்டி விட்டிருக்கீங்க?"
செங்கோடன் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கணக்கெழுதும் நசீமா தலை நிமிராமல் சொன்னாள்:
"மூட்டை தூக்குற எழுத்துதானுங்களே,
வெறுங்காலோடவா நிக்கும்?"

மாதம் ஒன்றரை கழிந்து நாக்பூரிலிருந்து போன்.
விரதகால அவசரம்.
அந்த வியாபாரிக்கு ஏணியும் தெரியாது, எணியும் தெரியாது,
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
பூட்ஸ் போட்ட சாக்கு, இருநூறு, என்றாராம்.
பாதிப் பணம் எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்று கொண்டலாம்பட்டி பைபாஸில்
மழையோடு மழையாக ஒரு லாரி என்னைத் தாண்டியது.
தார்ப்பாய் விலகி, மேல்வரிசையில் நான்கு மூட்டை.
எழுபது கிலோமீட்டர் வேகத்திலும்
பேர் தெரிந்தது, புள்ளி தெரிந்தது,
நிகர எடை தெரிந்தது,
ர-வின் பாதம்
ஒரு மயிரிழை நீண்டுவிட்டிருப்பதும் தெரிந்தது.