பதினோராவது வாய்தா

வாரண்டில் அப்பன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள்.
ஞானாபரணம் போய் ஞானதாசன்.
முதல் வாய்தாவிலேயே திருத்தச் சொன்னேன்.
"அடுத்த தடவ பாப்போம்" என்றார் கிளார்க்.
இது பதினொன்று.
குழித்துறைக் கோர்ட்டில்
ஞானதாசன் மகன் ஏசுவடியான் என்று கூப்பிட்டால்
கை தானே உயர்கிறது.
அந்த ஞானதாசன் குடிக்கமாட்டார் என்று தோன்றுகிறது.
வழக்கும் அவர் மகனுடையதாக இருக்கலாம்.

மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும்.
குலசேகரத்தில் அது ரப்பர் வெட்டுக்குப் போகிற நேரம்.
கட்டைவிரல் நகத்தால்
சுவரில் சாய்வாக ஒரு கோடு இழுக்கிறேன்.
சுண்ணாம்பு உதிர்கிறது. பால் இல்லை.

மச்சினன் செல்லையன் மனு போட்டு வந்தான்.
கம்பிவலையின் அந்தப் பக்கம்
இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.
மரத்துக்கு பிளாஸ்டிக் கெட்டியாச்சு என்றானா,
மகளைக் கெட்டிக் குடுத்தாச்சு என்றானா,
இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி தலையாட்டினேன்.

"வீட்டத் தேடுதாடே?" என்று கேட்டார் வார்டர்.
தேடிப் பார்த்தேன், நிஜமாகவே,
சட்டைப்பையில் சாவியைத் துழாவுகிறவன் போல.
இல்லை.
பயந்துபோனேன்.

அப்புறம்தான் நினைவு வந்தது.
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
இருபத்திரண்டு வருஷம்.
வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு மரம்,
அதைத் தாண்டி ஒன்றுமில்லை.
நான் நடந்தால் அந்த அறையும் கூட நடந்தது.
அடுத்த மரம்.
அடுத்த மரம்.

"தேடல்ல சார்" என்றேன்.
அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
தன் டீயில் பாதியை என் தம்ளரில் ஊற்றினார்.
ஆடை படிந்திருந்தது.
சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரி
இரண்டு விரலால் எடுத்தேன்,
கிழியாமல்.