மிச்சம் 318

குட்டாய்சியில் மழை விட்டிருந்தது.
கதுனா இயந்திரத்தை எழுப்பினாள்.
கொரியாவில் செய்தது. விழித்ததும்
சின்னதாய் ஒரு மணி அடித்து
முதலில் கணக்கைத்தான் சொல்லும்:
மிச்சம் 318.

கார்ட்ரிட்ஜுக்குள் பத்தாயிரம் சொடுக்கு
எண்ணி வைத்து விற்றிருந்தார்கள்.
தோலுக்கு நாலரை மில்லிமீட்டர் கீழே
ஒலி ஒரு புள்ளியில் குவிந்து சுடும்.
மேலே காயம் இராது, கொஞ்சம் சிவக்கும்.
சொடுக்குக்கு ஓர் எண் குறையும்.
பூஜ்யம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும்.
புதிதுக்கு ஆயிரத்து நூறு லாரி.

லாரி என்றால் அந்த நாட்டில்
சரக்கு வண்டி இல்லை, காசு.
கடன் மட்டும் சரக்கு வண்டிதான்:
மாதம் ஏழாம் தேதி
வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

பதினோரு மணிக்கு சியாலா வந்தாள்.
ஒன்பதாம் எண் பேருந்து,
பத்தொன்பது வருடமாய் அவள் கையில்.
கூந்தலைத் துணிப்பட்டையில் அடக்கிப் படுத்தாள்.
விளக்கைத் தாழ இழுத்த கதுனா
இழுத்த கையை எடுக்க மறந்தாள்.

கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

வலக்கன்னத்துக்கு நாற்பத்தைந்து வயது.
இடக்கன்னம் அறுபதைத் தொட்டிருந்தது.
அது ஜன்னல் பக்கம்.
நடுவில் மூக்கு, எல்லைக்கல் போல;
இந்தப்புறம் நிழல்,
அந்தப்புறம் பத்தொன்பது கோடை.

பயிற்சியில் சொன்னது: இடம் பாதி, வலம் பாதி.
கையேட்டில் முகம் என்பது
சமமாய்ப் பிளந்த ஒரு முட்டை.
பேருந்து ஓட்டுகிற முகம் அதில் இல்லை.

வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்தாள்.
இடத்துக்கு 220, வலத்துக்கு 98.
அடித்தாள். வேறு எழுதினாள். அதையும் அடித்தாள்.
நாற்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை;
அது தன் கழுத்துக்கென்று
யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தது.

சியாலா கண்ணாடி கேட்டாள்.
கோடுகளைப் பார்த்து,
"எங்கள் டிப்போ வரைபடம்" என்றாள்.
பிறகு சிரிக்காமல்:
"வலப்பக்கத்தை இடப்பக்கம் மாதிரி
ஆக்கிவிட முடியுமா?
மலிவாய் முடியுமே."

அதற்கு மெஷின் இல்லை என்றாள் கதுனா.

"ஏன் இல்லை? ஒன்பதாம் எண்.
என்ன, திரும்பி உட்கார்ந்து ஓட்டணும்."

ஜெல் சில்லென்றது.
முதல் சொடுக்கு தாடையெலும்பின் ஓரம்.
"பல்லுக்குள் கேட்கிறது."
317.
316.
எண்பதாவதுக்கு
அவள் வலது பாதம் தானாக அழுந்தியது,
கட்டிலில் இல்லாத பிரேக்கைத் தேடி.
கதுனா நிறுத்தினாள். சக்தியை ஒரு படி இறக்கினாள்.
கண்ணோரத்துக்கு இந்த ஆழம் ஆகாது,
அங்கே கோடு போட்டதையும் துடைத்தாள்.
பாலத்தின் எதிர்வெயிலில் இடுங்கி இடுங்கி
வந்த சுருக்கங்கள் அப்படியே இருந்தன.

40 என்று திரை காட்டியபோது
இடத் தாடையில் இரண்டு விரல் அகலம் பாக்கி.
சியாலா கண்மூடியிருந்தாள்.
"முடிந்தது" என்றால் நம்பியிருப்பாள்.
கதுனா தன் கழுத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்,
ஜெல் பட்டது,
துடைத்துவிட்டுக் குனிந்தாள்.
39.

பூஜ்யத்தில் மணி அடித்தது,
எழுந்தபோது அடித்த அதே மணி.

"தெரிய மூன்று மாதம் ஆகும்.
வெயில் களிம்பு தினமும், இடப்பக்கம் தாராளமாக."
"இடது மட்டுமா?"
"இரண்டும். இடது இருமுறை."

அடுத்த வியாழன் கதுனா ஒன்பதில் ஏறினாள்.
முன்கண்ணாடியடியில் ஒரு புனிதர் படம்,
அவர் காலடியில் களிம்புக்குழாய்,
பாதிக்கு மேல் பிதுங்கியது.
கார்டைத் தேய்த்தாள். கருவி மணியடித்து
மிச்சத்தைக் காட்டியது. பார்க்காமல் போய் உட்கார்ந்தாள்.
மேலே நீளக் கண்ணாடியில்
ஓட்டுநரின் முகம் தெரிந்தது,
இடம் வலமாக.
எந்தக் கன்னம் தான் சுட்டது என்று
அடுத்த நிறுத்தம் வரை
அவளுக்குப் பிடிபடவில்லை.