இருபத்தைந்து பைட்

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை.
இரவு ஒன்றரை.
எடைமேடைக் கணினி எழவில்லை.
வெளியே பதினாறு லாரி.
தார்ப்பாய்க்குள் பெங்களூரா
புழுங்கிக்கொண்டிருக்கிறது.

மாதேஸ்வரி பென்டிரைவ் வழியாக
பூட் அடைவுக்குள் போகிறாள்.
கெர்னலின் பெயர் சிவப்பில்.

அது கெர்னல் இல்லை, வெறும் இணைப்பு.
அதோ என்று நீட்டிய விரல்.
எடை இருபத்தைந்து பைட்:
சுட்டும் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை.
பெயருக்கு உரியது பதினொரு மெகாபைட்.
நேற்று வரை இருந்தது.

"இடம் பத்தலைன்னு காட்டுச்சு"
என்கிறார் திம்மராயன்,
எடைச்சீட்டுக் கட்டைப் பார்த்தபடி.

ஓரத்தில் பழைய கெர்னல் ஒன்று,
இரண்டு வருஷமாக யாரும் கூப்பிடாதது.
விரலை அந்தப் பக்கம் திருப்பினாள்.

எழுத்துகள் ஓடின.
மேடை பூஜ்ஜியம் காட்டியது.

முதல் லாரி ஏறியதும்
டிரைவர் எட்டிக் கேட்டார்:
"இது வண்டியோட சேர்த்தா?"