அறியப்பட்ட குறைகள், பதிப்பு ஆறு

ட்ரொம்ஸோவில் ஒரு பிரதி, பூடோவில் ஒன்று,
வார்டோவில் ஒன்று.
முப்பது ஆண்டுகள் நீருக்கடியில் திமிங்கிலங்கள் பேசியதெல்லாம்
மூன்று ஊர்களிலும் கிடக்கிறது.
மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்
அதுவே மெய்.
இப்படி எழுதிவைத்தவர் ஒட்வார்.

குறை 4.
ஓர் அடைவில் இரண்டு லட்சம் கோப்புகளைத் தாண்டினால்
பட்டியல் கேட்காதே, திரை உறைந்துவிடும்.
இப்போதைக்கு: தெரிந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.
வரும்.

குறை 11.
அழித்த கோப்பு திரும்பி வரலாம்.
அழிக்கும்போது ஓர் ஊர் தூங்கிக்கொண்டிருந்தால்
விழித்ததும் அது
'அடடா, உங்களிடம் இது இல்லையே' என்று
மற்ற இரண்டுக்கும் படியெடுத்துக் கொடுக்கும்.
இப்போதைக்கு: அழித்த இடத்தில் ஒரு நடுகல் வை.
பத்து நாள் வரை கல்லைத் தொடாதே.

துரீட் அழித்தது ஒரு மீன்பிடிப் படகின் இரைச்சல்,
நாற்பது நிமிடம், எதற்கும் உதவாதது.
மூன்று முறை அழித்தாள்.
மூன்று முறையும் வந்தது.

குறை 16.
'ஓஷில்' எங்கள் ஆய்வுப் படகு.
அதன் முதல் எழுத்துக்குத் தலையில் ஒரு வளையம்.
சில கணினிகள் அதை ஒரே எழுத்தாக வைக்கும்,
சில எழுத்தைத் தனியே, வளையத்தைத் தனியே,
உயிர் ஓரிடம் மெய் ஓரிடமாக.
கண்ணெதிரே கோப்பு இருக்கும்;
திற என்றால், அப்படி ஒன்று இல்லை என்கும்.
இப்போதைக்கு: படகின் பெயரை மாற்றலாம்.

(கேப்டன் ஐலோ இதைப் படித்துவிட்டு
கணினியின் பெயரை மாற்றச் சொன்னார்.)

ஒவ்வொரு இப்போதைக்கும் பக்கத்தில் தேதி உண்டு.
மிக இளையதற்கு வயது ஒன்பது.

குறை 23.
கோப்பைத் திறந்தவர் மூடாமல் போனால்
பூட்டு அவர் பெயரிலேயே நிற்கும்.
மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது.
இப்போதைக்கு: அவரைக் கேள்.

அக்டோபரில் ஒட்வாரைப் புதைத்தோம்.
மண் அதற்குள் கெட்டியாகியிருந்தது.
ஜனவரியில்தான் கவனித்தேன்,
மூடாமல் விட்ட கோப்பு இதுவேதான்,
இந்தக் குறைப் பட்டியல்.
பூட்டை அவிழ்க்க வார்டோ தலையசைக்க வேண்டும்.
வார்டோ பன்னிரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

சிறு விமானம். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இறக்கியது.
பகல் பதினொன்றுக்கும் நீல இருட்டு.
துறைமுகக் காவலர் சாவியைத் தந்து
ஹீட்டரை மட்டும் அணைக்காதே என்றார்,
குழாய் வெடித்துவிடுமாம்.

அறையில் அவருடைய திரை எரிந்துகொண்டிருந்தது.
மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்,
பசை போய்ச் சுருண்ட ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்: 'பல் டாக்டர், வியாழன்'.
பட்டியலின் அடியில், சேமிக்காத ஒரு வரி:

குறை 24. மூன்று ஊர்களும் ஒத்துச் சொன்னாலும்

அவ்வளவுதான்.
சுட்டி அங்கே நின்று மூன்று மாதமாகக் கண் சிமிட்டுகிறது.
சேமி என்றேன். மறுத்தது.
அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டது.

விமானச் சீட்டின் பின்புறம் அந்த வரியைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
'சொன்னாலும்' என்பதற்குப் பின்னால்
முற்றுப்புள்ளி இல்லை என்பதை
இருமுறை சரிபார்த்தேன்.
பிறகு செருகியைப் பிடுங்கினேன்.
முப்பது வரை எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினேன்.

விசிறிகள் சுழன்றன.
வார்டோ முதலில் நேரத்தைக் கேட்டது,
பிறகு மற்ற இரண்டையும் பெயர் சொல்லி விசாரித்தது.
பூட்டு விழுந்தது.
சீட்டைப் பார்த்து அந்த வரியைத் தட்டினேன்,
அவர் விட்ட இடத்தில் நானும் விட்டேன்.
'இப்போதைக்கு' என்று தொடங்கி,
அதை அழித்தேன்.

கோட்டை மாட்டும்போது துரீட் கூப்பிட்டாள்.
'வார்டோ எழுந்துவிட்டதா?'
எழுந்துவிட்டது.
'தெரியும்,' என்றாள். 'அந்தப் படகு இரைச்சல் மறுபடி வந்திருக்கிறது.'
கல்லை எப்போது எடுத்தாய்?
'பதினோராம் நாள். நீ சொன்ன கணக்குத்தானே.'

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவள் பக்கத்தில் அதை ஓடவிட்டிருந்தாள்,
தொலைபேசியில் கேட்டது,
பழைய டீசல் எஞ்சின், நடுவே யாரோ இருமுகிறார்கள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.
ஹீட்டரை அணைக்கவில்லை.